வால் வெட்டிய விளக்குகள்

அத்தியாயம் 9

‘அவர் கை சங்கிலியில் இருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டேன்.’

இந்த மூன்று வாக்கியங்களும் காலையில் அவளுக்கு முன்னாலேயே எழுந்துவிடும். பல் தேய்க்கும்போது முதலாவது வரும். பால் பொங்குவதற்குள் இரண்டாவது. மூன்றாவதற்கு நேரம் காலம் கிடையாது. ஆரம்பத்தில் அது வரும்போதெல்லாம் செய்துகொண்டிருந்த வேலை பாதியில் நின்றுவிடும். இப்போது அப்படியும் இல்லை. பேருந்து நிறுத்தத்துச் சுவரில் ஒட்டிய பழைய அறிவிப்பைப் போல வாசித்துவிட்டு, அடுத்த வேலைக்குப் போய்விடுகிறாள்.

ஏழு மாதமாகிறது. யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில், ‘தோட்டத்தில் விளக்கு மாட்டும்போது ஷாக், ஏணியிலிருந்து விழுந்தார்’ என்று எழுதிக்கொண்டார்கள். நாத்தனார் மழையைத் திட்டினாள். விளக்கு மாட்டச் சொன்ன பங்களாக்காரர் ஏணியைத் திட்டினார். தோட்டக்காரர் மரத்தைத் திட்டினார். சுவிட்சுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றிருக்க வேண்டுமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மின்சாரம் தானாகவே எழுந்து நடந்து வந்துவிட்டது போலப் பேசினார்கள்.

அவள் காபியைக் கொண்டுபோய், ஜன்னலோரத்தில் கணவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் இடது பக்கத்தில் வைத்தாள். வலது பக்கம் வைத்தால் அவருக்கு எட்டும், ஆனால் பிடிக்க வராது. வலது கையின் விரல்கள் மடங்குகின்றன, எதையும் இறுக்குவதில்லை. சூடு தெரியாது, குளிர் தெரியாது. நரம்பு என்றார்கள், வரலாம் என்றார்கள், பயிற்சி செய்யச் சொன்னார்கள். அவர் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். வேறு யாருடைய கையையோ கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது போல.

“காபி.”

“ம்.”

“தலைகாணி வேணுமா?”

“வேணாம்.”

ஊரில் பாதி வீட்டுக்கு வயரிங் செய்த மனிதர். இந்த ஏழு மாதத்தில் அவருடைய பேச்சு முழுவதையும் ஒரு தபால் கார்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம்.

நாற்காலிக்கு அடியில் பெருக்கும்போது துடைப்பத்தில் ஏதோ சிவப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. குனிந்து எடுத்தாள். ஒயரின் மேல் தோல். சிவப்பிலும் கறுப்பிலுமாக, அரிசி நீளத்துக்குப் பத்துப் பதினைந்து துண்டுகள். ஒவ்வொன்றிலும் பல் பட்ட தடம். எலி வந்திருக்கிறது என்று நினைத்தாள். முறத்தில் அள்ளிக் குப்பையில் போட்டாள். எலி கடித்தால் இப்படி நேராகக் கடிக்காது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததை அடுத்த நினைப்பு வரை கொண்டுபோகத்தான் தெம்பில்லை.

பின்கட்டில் பன்னிரண்டு பொருள்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

அவற்றுக்குப் பொருள்கள் என்பதற்கு மேல் என்ன பெயர் வைப்பதென்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. எல்லாம் ஒரு காலத்தில் விளக்குகள். பழைய தங்கும் விடுதி ஒன்றை இடித்தபோது, பழுது பார்த்து விற்கலாம் என்று அவர் மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்து குவித்தவை. குவித்த மறுவாரம்தான் அந்தப் பங்களாத் தோட்டம். அதன் பிறகு குவியல் மேல் தூசி படிந்தது, பல்லி குடித்தனம் நடத்தியது.

ஒரு நாள் மத்தியானம் அவள் அதிலிருந்து ஒரு பால் நிறக் கண்ணாடிக் குடுவையை எடுத்தாள். கழுத்திலிருந்து முழ நீளத்துக்கு ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டிங் பிளேயரை எடுத்துக் கழுத்தோடு ஒட்டி வெட்டினாள். ‘டக்’ என்ற அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. காதில் விழுந்தது, அவ்வளவுதான். அப்போதெல்லாம் காதில் விழுவதே பெரிய காரியமாக இருந்தது. மறுநாள் இன்னொன்றை வெட்டினாள்.

பிறகு அதுவே முறையாகிவிட்டது. முதலில் வால். அப்புறம் ஹோல்டரைப் பிடுங்க வேண்டும். இது இனிமேல் எரியாது என்று உறுதியான பிறகுதான் உப்புத்தாளையே கையில் எடுப்பாள். துருவைத் தேய்த்து, அடிப்பூச்சு பூசி, பெயிண்ட் அடித்து, கவிழ்ந்து கிடந்ததை நிமிர்த்தி வைத்தால் ஒரு செடி வைக்கலாம். ஒயர் வந்த ஓட்டை வழியாகவே தண்ணீர் வடிந்துவிடும். தனியாகத் துளை போட வேண்டாம். பறவைகளுக்குத் தண்ணீர் வைப்பதென்றால் மட்டும் பசையைப் பிசைந்து ஓட்டையை அடைக்க வேண்டும். செலவு என்று பார்த்தால் ஒரு டப்பா பெயிண்டும் அவளுடைய மத்தியானங்களும்தான். மத்தியானங்கள் அவளிடம் நிறைய இருந்தன.

இன்று போக வேண்டியவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். விடுதிக் கூடத்தில் தொங்கிய கொத்து விளக்கு ஒன்று. ஆறு கைகளிலும் ஆறு கிண்ணங்கள், கிண்ணத்துக்கு ஒரு குட்டிச் செடி. பால் நிறக் குடுவைகள் ஐந்து. கொடி படர விடுவதற்குக் கம்பிக் கூண்டுகள் இரண்டு. தாழ்வாரத்து விளக்குகளின் தகரக் குடைகள் நான்கு, மஞ்சள் அடித்து, ஓட்டை அடைத்து, பறவைகளுக்காக. நாளைக்குத் திறக்கப் போகும் காபிக் கடையின் தோட்டத்துக்கு எல்லாமே. நாலு மணிக்கு வேன் வரும்.

வெட்டிய வால்களைப் போட்டு வைக்கும் பிஸ்கட் டின்னை எடுத்தாள். எதையும் அனுப்புவதற்கு முன் வால்களை எண்ணிப் பார்ப்பது அவளுக்குப் பழக்கம். இதுவரை வெட்டியது முப்பத்தொன்று.

டின்னுக்குள் எட்டு இருந்தன.

மறுபடி எண்ணினாள். எட்டுதான். மூடியைப் போட்டு இருந்த இடத்திலேயே வைத்தாள். எலி டின்னைத் திறக்காது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

---

வாசலில் ஸ்கூட்டர் நிற்பதற்கு முன்பே பேச்சு உள்ளே வந்துவிட்டது.

“அண்ணி! எங்க இருக்கீங்க? தெருமுனையில குழி தோண்டிப் போட்டிருக்கான், யாரைப் புதைக்கப் போறான்னு தெரியலை. அண்ணி!”

நாத்தனாருக்கு அண்ணன் சின்ன வயதிலேயே வைத்த பெயர் ரேடியோ. கட்டிக்கொண்டு போன வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. பொருள்களைப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பி விற்றுக் கொடுப்பவள் அவள்தான். பால் குடுவையில் செடி வைத்திருந்ததை முதன்முதலாகப் பார்த்தவளும் அவளே. பார்த்ததும், “அண்ணி, இது விக்கும்” என்றாள். வருத்தப்பட்டுப் பேசுவாளோ என்று பயந்திருந்த அண்ணிக்கு அது பெரிய உபகாரமாக இருந்தது.

“அய்யோ, விரல்ல என்ன ரத்தம்?” என்றாள் இப்போது.

அவள் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் கண்ணாடி கீறியிருந்தது. எப்போது என்று தெரியவில்லை. குடுவை ஒன்றின் விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது. விரலை விட்டுவிட்டுக் குடுவையைத் துடைத்தாள்.

“விரலைத் துடைங்க அண்ணி, குடுவைக்கு ஒண்ணும் ஆகலை. சரி, ஒரு விஷயம். கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லு.”

“காபிக் கடைக்காரி காலையில போன் பண்ணினா. அந்த மஞ்சக் குடை நாலும் பறவைக்கு வேணாமாம். பழையபடி கவுத்து, மேசைக்கு மேல தொங்கவிட்டு, நிஜமாவே எரியணுமாம்.”

“எரியாது.”

“அது தெரியும்...”

“வாலை வெட்டியாச்சு. ஓட்டையை அடைச்சாச்சு.”

“நானும் சொன்னேன் அண்ணி. ‘சாயங்காலம் ஆறரைக்கு மேல என் தோட்டத்துல ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரிய வேணாமா’ங்கறா. புதுசா வாங்கலாம்னா அவளுக்குக் கட்டுப்படி ஆகலை. அதான் நம்மகிட்ட வந்தா.”

“வெயில்ல சார்ஜ் ஆகிற குட்டி விளக்கு இருக்கே. அதை உள்ள ஒட்டித் தரலாம்.”

“அது வெளிச்சமா அண்ணி? கொட்டாவி மாதிரி இருக்கு. ரெண்டு நாள் மேகம் போட்டா அதுவும் வராது.” ரேடியோ சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “நான் சரின்னுட்டேன்.”

“யாரு பண்ணுவா?”

ரேடியோ உள்ளே முன்னறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அண்ணா பண்றேன்னாரு.”

“அவரா?”

“போன் பண்ணினேன். சும்மாதான், யாரைக் கூப்பிடலாம்னு கேக்கறதுக்கு. வழக்கம்போல ‘ம்’ சொல்லிட்டு வெப்பாருன்னு நினைச்சேன். ‘நாலு பாயின்ட்தானே, நானே பண்ணிடறேன், உங்க அண்ணி கூட இருப்பா’ன்னாரு. முழுசா ஒரு வாக்கியம் அண்ணி! நான் ரோட்டுல வண்டியை ஓரமா நிறுத்திட்டு அழுதேன். பின்னாடி வந்தவன் என்னமோ ஏதோன்னு தண்ணி பாட்டிலை நீட்டினான்.”

சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். “இந்த ஆர்டர் போனா போகுது அண்ணி, அதுக்காக நான் சொல்லலை. எங்கண்ணன் எழுந்திருக்காரு. அது போதும் எனக்கு.”

அவள் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். அது மகிழ்ச்சிதான், சந்தேகமில்லை. தன் முகமும் அப்படித்தான் ஆக வேண்டும் இப்போது. கொஞ்சம் காத்துப் பார்த்தாள். எதுவும் வரவில்லை. ‘உங்க அண்ணி கூட இருப்பா’ என்ற இடத்திலேயே காது நின்றுவிட்டிருந்தது.

கூட இருப்பது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். இருபது வருடமாக வேலை அப்படித்தான். ஆள் கிடைக்காத நாட்களில் அவர் மேலே, அவள் கீழே. அவர் ‘போடு’ என்பார், போடுவாள். ‘நிறுத்து’ என்பார், நிறுத்துவாள். நடுவில் வேறு பேச்சு கிடையாது. சாப்பாட்டு மேசையிலும் ஏறக்குறைய இதே சட்டம்தான். அது கொடுமை என்றெல்லாம் அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. வசதியாகக்கூட இருந்தது. யோசிக்கும் பாதியை அவர் வைத்துக்கொண்டார். செய்யும் பாதி அவளுக்கு.

அன்றைக்கு அந்தப் பங்களாவில், வரவேற்பறைக்கென்று செய்த பித்தளை விளக்கை மரத்தில் தொங்கவிடச் சொன்னார்கள். தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. விருந்தாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். மேலேயிருந்து, “போடு” என்று குரல் வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் வலது கை ஈரச் சங்கிலியைப் பிடித்திருந்தது. இன்னும் எடுக்கவில்லையே என்று தோன்றியது. தோன்றியது ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம். விரல் இருபது வருடமாகச் செய்ததைச் செய்தது.

“அண்ணி, என்ன ஒண்ணும் சொல்லாம நிக்கறீங்க?”

“வேன் நாலு மணிக்குத்தானே?”

“ஆமா.”

“செய்தித்தாள் இருந்தா கொடு. குடுவையெல்லாம் சுத்தணும்.”

---

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பின்கட்டுக்கு வந்தார்.

ஏழு மாதத்தில் முதல் தடவை. ரேடியோ மிச்சச் செய்தித்தாளுக்காகப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். நிலைப்படியைத் தாண்டும்போது அவர் ஒரு நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினார். ஷேவ் செய்திருந்தார். இடது கையால் செய்த ஷேவ். தாடைக்குக் கீழே ஒரு திட்டு அப்படியே நின்றது. சட்டை மாற்றியிருந்தார். பையில் டெஸ்டர் இருந்தது.

அவள் முக்காலியை நகர்த்திப் போட்டாள். அவர் உட்கார்ந்து மஞ்சள் குடை ஒன்றை எடுத்து மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

“கழுத்தை இப்படியா ஒட்ட வெட்டுவே? ஒரு விரல்கடை விட்டிருக்கக் கூடாதா?”

“எரிய வைக்கறதுக்கு வெட்டலையே.”

“பெயிண்ட் யாரு அடிச்சது?”

“நான்தான்.”

“பரவால்லை.” குடையின் உட்புறத்தை விரலால் தடவினார். “உள்பக்கம் வெள்ளை அடிச்சிருந்தா வெளிச்சம் இன்னும் பரவும்.”

அவர் இவ்வளவு பேசிக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் போட முயன்றாள். வரவில்லை.

அவர் சட்டைக்குள்ளிருந்து ஓர் அட்டையை எடுத்தார். பிஸ்கட் பெட்டியைப் பிரித்த அட்டை. அதில் படம் போட்டிருந்தார். கோடுகள் கோணிக்கொண்டு போயின. எழுத்துக்கள் ஒன்றாம் வகுப்புக் குழந்தையுடையவை. ஆனால் படம் சரியாக இருந்தது. எல்லாம் மழைக்கு ஏற்ற தடித்த ஒயர். இணைப்புகள் தண்ணீர் புகாத பெட்டிக்குள். ஒவ்வொரு குடைக்கும் எர்த். கசிவு இருந்தால் கண் இமைக்கும் முன் தானாக நிறுத்துகிற சுவிட்ச். குறை சொல்ல ஓர் இடம் இல்லை. இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்கிற மனிதர்தான் அன்றைக்கு அவசரப்பட்டார்.

“கையே இல்லாம எப்படிப் பண்ணுவேன்னு பாக்கறியா?”

“இல்ல.”

“இரு.”

இடுப்பிலிருந்து எதையோ உருவினார். உருவிக்கொண்டே இருந்தார். சிவப்பு, கறுப்பு, மறுபடி சிவப்பு, நடுவில் வெளிறிப்போன ஒரு பச்சை. முழ முழமாகத் தரையில் சுருண்டு விழுந்தது. அவள் வெட்டிப் போட்ட வால்கள். ஒன்றோடொன்று முறுக்கி, டேப் சுற்றி, ஒரே ஒயராக்கியிருந்தார்.

“இருபத்து மூணு,” என்றார். “தோலைப் பல்லால உரிச்சேன். முறுக்கறது இடது கையில. முதல் ஏழெட்டு கேவலமா இருக்கும், அதைப் பார்க்காதே. கடைசில இருக்கறதைப் பாரு.”

அவள் குனிந்து எடுத்தாள். முதல் முடிச்சுகள் உப்பிப்போய் அசிங்கமாக இருந்தன. போகப் போக இறுகியிருந்தன. கடைசி முடிச்சு, பழைய கையால் போட்டது போலவே இருந்தது. அவள் மத்தியானங்களில் இங்கே வெட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்; அவள் தூங்கும்போதோ கடைக்குப் போகும்போதோ அவர் அங்கே சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரே வீட்டில். சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

இதற்கு அழலாம் என்று நினைத்தாள். கடைசி முடிச்சைக் கட்டைவிரலால் நெருடிக்கொண்டு நின்றாள்.

“இதையா மாட்டப் போறீங்க?”

“பைத்தியமா எனக்கு? இருபத்து மூணு துண்டை ஒட்டுப் போட்ட ஒயரை வெளியில தொங்கவிட்டா என்னைத் தூக்கி உள்ள வெப்பான். இது உனக்குக் காட்டறதுக்கு.” கிட்டத்தட்டச் சிரித்தார். “நல்ல ஒயரை ரேடியோ வாங்கி அங்க கொண்டு போய் வெச்சுட்டா.”

“ஏணி?”

“நீ ஏறணும். நான் கீழ நின்னு சொல்றேன். நீ மாட்டு.”

“சுவிட்ச்?”

“நான் போடறேன்.”

அவள் ஒயரைக் கீழே வைத்தாள்.

“இந்தத் தடவை நீ மேல, நான் கீழ,” என்றார் அவர். குடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நீ கையை எடுத்துட்டேன்னு வாய்விட்டுச் சொல்லு. அதுக்கப்புறம்தான் நான் போடுவேன். நான் பாக்கவும் பாப்பேன்.”

பின்கட்டுச் சுவரில் ஒரு பல்லி நகர்ந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

“அன்னிக்கு நான் எடுக்காமலே சொன்னேன்,” என்றார். “நீ பாத்தே.”

மூன்று வாக்கியங்களில் இரண்டு. அவளுக்குள் மட்டும் இருப்பதாக ஏழு மாதம் நினைத்துக்கொண்டிருந்தவை. இன்னொருவர் வாயில் கேட்டபோது சின்னதாக, சாதாரணமாக இருந்தன. தொலைந்துபோன சாவியைப் பற்றிப் பேசுவது போல.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“மேலேருந்து உன் மூஞ்சி தெரிஞ்சுது. என் கையைத்தான் பாத்துட்டிருந்தே.”

“அப்பறம் ஏன் யார்கிட்டயும் சொல்லலை?”

“என்னன்னு சொல்றது? நான் போடுன்னேன், நீ போட்டே. இருபது வருஷமா அப்படித்தானே.” மரத்துப்போன வலது கையை இடது கையால் தூக்கி முழங்கால் மேல் ஒழுங்காக வைத்தார். “உன் மேல தப்பில்லைன்னு சொல்ல வந்தேன்.”

அவர் அதை நல்ல மனதோடு சொன்னார். அவளுக்கு அது தெரிந்தது. ஆனால் ‘இருபது வருஷமா அப்படித்தானே’ என்பதுதான் போய் எங்கேயோ உட்கார்ந்தது. தப்பு அவளுடையது இல்லையென்றால், அன்றைக்கு அந்தச் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றது யார்? அவருடைய இன்னொரு கைதானா? இப்போது ஒரு கை போய்விட்டது. அதனால் மிச்சக் கையை ஏணியில் ஏறச் சொல்கிறாரா?

அப்படி அவர் நினைத்துச் சொல்லவில்லை. அவர் பாவம், அவ்வளவு தூரம் நினைக்கிறவர் இல்லை.

“அண்ணி.”

நிலைப்படியில் ரேடியோ நின்றுகொண்டிருந்தாள். கையில் செய்தித்தாள் கட்டு. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து இப்படி ஒரு மௌனத்தை யாரும் அவளிடம் பார்த்ததில்லை.

“என்ன அண்ணி பாத்தீங்க?” என்றாள் கடைசியில்.

“வேன் வந்திருச்சா பாரு,” என்றார் அவர்.

“அண்ணா, நீ சும்மா இரு. அண்ணி, நீங்க என்ன பாத்தீங்க?”

தெருவில் ஹாரன் அடித்தது.

---

வேன்காரர் வாட்டசாட்டமான ஆள். கொத்து விளக்கைத் தூக்கும்போது, “இதுல எங்கம்மா பல்பு?” என்று கேட்டார். “பல்பு இல்லை, செடி” என்று அவள் சொன்னாள். “வெளக்குல செடி வெச்சா, தொட்டியில வெளக்கு வெப்பீங்களா?” என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தவும் இல்லை.

குடுவைகள் ஐந்தையும் செய்தித்தாளில் சுற்றி வைக்கோலுக்குள் வைத்தார்கள். கம்பிக் கூண்டுகள் போயின. மஞ்சள் குடைகள் நாலையும் ரேடியோவே கொண்டுபோய் ஏற்றினாள். போகும்போதும் வரும்போதும் அவள் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்கூட்டரை எடுக்காமல் வேனின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கதவைத் திறந்தே வைத்திருந்தாள், இன்னும் இரண்டு பேருக்கு இடம் விட்டு.

அவர் வாசல்படி வரை வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பழைய வேலை நாட்களில் கிளம்பும்போது இப்படித்தான் நிற்பார். ஒரு பக்கம் பை, ஒரு பக்கம் அவள்.

“செருப்பைப் போட்டுக்கோ. ரப்பர் செருப்பு,” என்றார்.

அவள் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவருடைய நாற்காலி. ஏழு மாதமாக அவர் பார்த்த ஜன்னல் இதுதானா என்று இருந்தது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் அரைத் துண்டு வானமும் தெரிந்தன.

“வா. நேரமாச்சு. வெளிச்சம் இருக்கும்போதே மாட்டிடணும்.”

“நான் வரலைங்க.”

அவர் திரும்பினார். “என்னது?”

“நீங்க போய்ட்டு வாங்க. அங்க வேற வயர்மேன் யாராவது இருந்தா கூட வெச்சுக்கங்க. ரேடியோ போன் பண்ணினா வருவாங்க.”

“அவங்களுக்கு நான் சொல்றது புரியாது. உனக்குத்தான் புரியும். நான் பாதி சொல்றதுக்குள்ள நீ செஞ்சுடுவே.”

“ஆமா,” என்றாள் அவள்.

அந்த ‘ஆமா’வுக்குள் ஏதோ இருக்கிறது என்று அவர் தேடினார். கிடைக்கவில்லை. படியிலிருந்து மறுபடி உள்ளே வந்தார்.

“பயமா?”

“இல்ல.”

“கோவமா என் மேல?”

அவள் உண்மையாகவே தேடிப் பார்த்தாள். பயத்தின் இடத்திலும் ஒன்றும் இல்லை, கோபத்தின் இடத்திலும் ஒன்றும் இல்லை. வீடு மாற்றிய பிறகு காலியான அறைகள் மாதிரி எல்லாம் துடைத்துக் கிடந்தன. நடுவில் அந்த ‘வரலை’ ஒன்று மட்டும் வைத்தபடி இருந்தது. அது எப்போது வந்தது, இன்று மத்தியானமா, ஏழு மாதத்துக்கு முன்பா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

“தெரியலை,” என்றாள். “நீங்க எழுந்திரிச்சதுல எனக்குச் சந்தோஷம்தான் இருக்கணும். அது அப்புறமா வரும்னு நினைக்கிறேன். வந்தா சொல்றேன்.”

“ஏழு மாசம் கழிச்சு ஒரு வேலைக்குக் கிளம்பறேன். இந்த ஒண்ணுக்கு மட்டும் வா. இனிமே கேக்க மாட்டேன்.”

வாசலில் ஹாரன் இன்னொரு முறை அடித்தது.

அவர் டெஸ்டரை நீட்டினார். இடது கை. இருபது வருடமாக அவர் நீட்டியதையெல்லாம் அவள் பார்க்காமலே வாங்கியிருக்கிறாள். இப்போது பார்த்தாள். பிடியில் மஞ்சள் நிறம் தேய்ந்து வெள்ளையாகியிருந்தது. நகக்கண்ணில் கறுப்பு டேப்பின் பிசின் ஒட்டியிருந்தது. ஒயரைப் பல்லால் உரித்ததில் உதட்டோரத்தில் சின்னக் காயம்.

“நான் ஏறவும் மாட்டேன், போடவும் மாட்டேன்,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “இன்னிக்குன்னு இல்ல. இனிமே.”

அவர் கையை உடனே இறக்கவில்லை.

அவள் தன் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.